ஆசிரியர் பக்கம்: நூறில் ஒரு மில்லிமீட்டர்



இந்த இதழின் அட்டையில் துப்பாக்கியைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். பழம்பொருள் சேகரிப்புச் சிறப்பிதழ் என்றால் நாணயம், தபால்தலை, பித்தளை விளக்கு, கிராமபோன் என்றுதானே மனம் எதிர்பார்க்கும்? அவையெல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆனாலும் அட்டைக்கு நான் பிடிவாதமாக எடுத்துக்கொண்டது சுவீடன் ராணுவத்தின் எம்/96 ரைஃபிளைத்தான். காரணத்தைச் சொல்ல இந்தப் பக்கம் வேண்டும்.

சுவீடன் கடைசியாகப் போரில் இறங்கியது 1814-இல், பக்கத்து நார்வேயோடு. அதற்குப் பிறகு இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. அது இரண்டிலும் சேரவில்லை. அப்படியொரு நாடு 1896-இல் ஒரு ரைஃபிளை ஏற்று, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதைத் தேய்த்துத் துடைத்து, அளந்து, பழுது பார்த்து வைத்திருந்தது. 1965-இல் ஏகே4 என்ற தானியங்கித் துப்பாக்கி வந்துதான் அதைப் படையின் முன்வரிசையிலிருந்து விலக்கியது. ஊர்க்காவல் படையிடமும் துப்பாக்கி சுடும் கழகங்களிடமும் அதற்குப் பிறகும் அது இருந்தது. உலகில் எத்தனையோ ராணுவத் துப்பாக்கிகள் சேற்றிலும் ரத்தத்திலும் கிடந்து எழுந்தவை. இது பெரும்பாலும் பயிற்சி மைதானத்திலும் ஆயுதக் கிடங்கிலும் ஆயுளைக் கழித்தது. சேகரிப்பவர்கள் இதன்மேல் உயிரை விடுவதற்கு முதல் காரணம் அதுதான். நூறு வயதைத் தாண்டியும் இதன் குழலுக்குள் கண்ணை வைத்தால் சுழல்வரிகள் கண்ணாடிபோல் மின்னுகின்றன.

பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது சுவீடனும் நார்வேயும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. இரு நாட்டு அதிகாரிகளும் கூடிப் பேசி 6.5 மில்லிமீட்டர் குண்டும் 55 மில்லிமீட்டர் உறையும் கொண்ட ஒரு தோட்டாவை முடிவு செய்தார்கள். துப்பாக்கியில் மட்டும் ஒத்துப்போகவில்லை. நார்வே தன் சொந்த கிராக்–யோர்கன்சனை எடுத்துக்கொண்டது. சுவீடன் ஜெர்மனியின் மவுசரிடம் போனது. 1905-இல் அந்த ஒன்றியமே கலைந்துபோனது. தோட்டா மட்டும் கலையவில்லை. ஸ்காண்டிநேவியக் காடுகளில் மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் அதே 6.5×55-ஐத்தான் விரும்பி வாங்குகிறார்கள்.

முதலில் வந்தது எம்/94 என்ற குட்டையான குதிரைப்படைக் கார்பைன். அடுத்து வந்தது காலாட்படைக்கான எம்/96. ஏறக்குறைய நான்கடி நீளம், நான்கு கிலோ எடை. ஜெர்மனியின் ஒபர்ன்டார்ஃபில் உள்ள மவுசர் ஆலை சுமார் 12,000 கார்பைன்களையும் 40,000 நீள ரைஃபிள்களையும் செய்து கொடுத்தது. மீதி நான்கே முக்கால் லட்சம் அளவுக்குச் சுவீடனிலேயே, எஸ்கில்ஸ்டூனா நகரிலுள்ள கார்ல் குஸ்தாவ் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவாயின. இரண்டாம் உலகப் போரின்போது ஹஸ்க்வர்னா ஆலையும் சேர்ந்துகொண்டது. எம்/38 என்ற சற்றே குட்டையான வகையை எண்பதாயிரத்துக்கும் மேல் செய்தது.

இந்தப் பெயர்களில் இரண்டு உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. ஹஸ்க்வர்னா இன்று நம் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிளின் பெயர். 1689-இல் அது தொடங்கியது துப்பாக்கி ஆலையாக. கார்ல் குஸ்தாவ் என்பது நம் ராணுவத்தின் தோளில் இருக்கும் 84 மில்லிமீட்டர் ராக்கெட் லாஞ்சரின் பெயர். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் அது உற்பத்தியாகிறது. அந்தப் பெயர் வந்தது 1812-இல் தொடங்கிய இதே எஸ்கில்ஸ்டூனா ஆலையிலிருந்துதான்.

இனி நான் சொல்ல ஆசைப்படும் மனிதருக்கு வருகிறேன். கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 1864-இல் பிறந்தவர். 1888-இல் எஸ்கில்ஸ்டூனா ஆலையில் ஆயுதப் பரிசோதகராகச் சேர்ந்தார். ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அரம் தொடாமல் பொருந்த வேண்டும். அதற்கு ஒவ்வோர் உறுப்பையும் ஓர் அளவுகருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக ஒரு கருவி. துப்பாக்கியின் மாதிரி மாறினால் பழைய கருவிகள் அத்தனையும் வீண். சுவீடன் மவுசரைத் தேர்ந்தெடுத்ததும், அங்கே எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவரும் குழுவோடு யோஹான்சனும் ஒபர்ன்டார்ஃபுக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான்: அளவுக்கொரு கருவி, கருவிக்கொரு பெட்டி. ஏமாற்றத்தோடு ஊருக்குத் திரும்பும்போது ரயிலிலேயே அவருக்கு அந்த யோசனை உதித்தது. எல்லா அளவுகளுக்கும் தனித்தனிக் கருவி எதற்கு? சில எஃகுத் துண்டுகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வேண்டிய அளவு கிடைத்துவிடாதா?

வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தையே சாணை பிடிக்கும் இயந்திரமாக மாற்றிக்கொண்டு, அந்தத் துண்டுகளை அவர் இழைத்தார். மொத்தம் 102 துண்டுகள். அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர் வரை, நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், ஏறத்தாழ 20,000 அளவுகளை எடுக்கலாம். 6.51 மில்லிமீட்டர் வேண்டுமா? 1.01 துண்டோடு 5.5 துண்டைச் சேருங்கள், முடிந்தது. அந்தத் துண்டுகளின் முகம் அவ்வளவு வழவழப்பு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சறுக்கித் திருகினால் பசையும் காந்தமும் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஆம், ஸ்லிப் கேஜ்தான். மரப்பெட்டியில் வெல்வெட் விரித்து, கைவியர்வை படாமல், எண்ணெய் பூசி வைத்திருப்பார்களே, அதேதான். அதன் பிறப்பு இந்தத் துப்பாக்கியின் வாசலில் நடந்தது.

யோஹான்சன் பின்னாளில் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டிடம் வேலை செய்தார். ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று நாம் பள்ளியில் படித்தோமே, அந்த எண்ணைத் தொழிற்சாலைகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் அவருடைய துண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமும் மயிரிழை வித்தியாசத்தில் இருந்த காலத்தில், அவர் 25.4-ஐ எடுத்துக்கொண்டு துண்டுகளைச் செய்தார். நாடுகள் பின்னால் வந்து சேர்ந்தன. போர்க்கருவி ஒன்றைச் செய்யக் கிளம்பிய முயற்சியிலிருந்து உலகத்துப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது அளவு கிடைத்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அட்டைக்கு இந்த ரைஃபிள்தான் என்று முடிவெடுத்தது இதற்காகவே.

அந்த அளவுப் பித்து துப்பாக்கியின் உடம்பிலேயே தெரியும். எஸ்கில்ஸ்டூனாவை அடுத்த ஒரு கழகத்தின் சுடும் மைதானத்தில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் எம்/96-ஐ என் கையில் கொடுத்தார். குழலையோ போல்ட்டையோ அவர் முதலில் காட்டவில்லை. கட்டையின் வலப்பக்கம் திருகிவைத்திருந்த சிறு பித்தளை வட்டைக் காட்டினார். அது மூன்று பாகமாகப் பிரிந்திருந்தது. ஒரு பாகம் குழலின் உள்விட்டம் எவ்வளவு என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை சொல்கிறது. இன்னொன்று குழலுக்குள் துருவின் தடம் எந்த அளவு என்று சொல்கிறது: குறியே இல்லையென்றால் மாசற்ற குழல்; 1, 2, 3 என்று எண் ஏற ஏறத் தேய்மானமும் புள்ளிகளும் கூடுகின்றன. மூன்றாவது பாகம், 1941-இல் வந்த கூர்முனைத் தோட்டாவைப் போட்டால் இந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி குறிக்கு மேலே எவ்வளவு தூக்கி அடிக்கும் என்று சொல்கிறது. ராணுவத்தின் ஆயுதப் பழுதுநர் ஒவ்வொரு துப்பாக்கியாகச் சோதித்து, உரிய எண்ணுக்கு எதிரே சின்ன முக்கோண முத்திரையை அடித்து வைத்திருக்கிறார்.

தன் குறையைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்ட ஆயுதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பரிசோதித்தவர் யார், எந்த ரெஜிமென்ட்டில் இருந்தது என்பதெல்லாம்கூட இதில் உண்டு. குழலின் பின்புற வளையத்தில் கிரீட முத்திரை, அதன்கீழ் ஆலையின் பெயர், செய்த ஆண்டு. பக்கத்தில் பரிசோதகரின் பெயர் முதலெழுத்துகள். கட்டையின் அடித்தகட்டில் ரெஜிமென்ட் எண். சிறு திருகாணி முதல் குறிமுள் வரை உறுப்புகளில் துப்பாக்கியின் தொடர் எண்ணின் கடைசி இலக்கங்கள். சேகரிப்பாளர் ஒரு துப்பாக்கியை எடுத்ததும் இந்த எண்களையெல்லாம் ஒத்துப் பார்ப்பார். எல்லாம் ஒன்றாக இருந்தால் விலையே வேறு.

சுட்டுப் பார்த்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எம்/96-இன் போல்ட் கைப்பிடி நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து தோட்டாக்கள் செருகிய தகட்டை மேலே வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. தோட்டாக்கள் உள்ளே இறங்கிவிடும். அந்தக் கட்டைவிரல் இடிக்காமல் இருக்கவே இடப்பக்கச் சுவரில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது கடைசிக் கட்டத்தில் கை ஒரு வில்லின் எதிர்ப்பை உணரும். இந்த மாதிரியில் அடிமுள் ஏறுவது மூடும்போதுதான். பழகாதவர்கள் அங்கே தயங்குவார்கள். பழகிவிட்டால் திறப்பது வெண்ணெய். விசையை இழுத்தால் தோளில் வாங்கும் உதை எதிர்பார்த்ததைவிட மென்மை. மெல்லிய குண்டு, கனத்த துப்பாக்கி, நீண்ட குழல். குண்டு 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று வீதம் சுழன்றுகொண்டே 739 மில்லிமீட்டர் குழலைக் கடக்கிறது. அதாவது வெளியே வருமுன் மூன்றரைச் சுற்றுக்கும் மேல். அந்தச் சுழற்சிதான் நேர்கோட்டுக்குக் காவல்.

இதில் புதியவர்களைத் தடுமாற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பின்புறக் குறிக்கருவியின் மிகக் குறைந்த தூரமே 300 மீட்டர். நூறு மீட்டர் பலகையில் கறுப்பு வட்டத்துக்கு நேரே குறிபார்த்தால் ஓட்டை அதற்கு மேலே விழும். அந்தப் பள்ளி ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: வட்டத்துக்குக் கீழே, வெள்ளையில் குறிவை. அப்படியே செய்தேன். கறுப்பில் பட்டது. குறிக்குக் கீழே பார்த்துக் குறியில் அடிக்கும் அந்தக் கணக்கு புரிந்தவுடன், நூறாண்டுகளுக்கு முந்தைய தச்சர்களும் கொல்லர்களும் பரிசோதகர்களும் என் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

சுவீடனில் 1860 முதல் தன்னார்வத் துப்பாக்கி சுடும் இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1901-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபின், பண்ணை வீட்டுப் பையன் முதல் வங்கி எழுத்தர் வரை இந்த ரைஃபிளைத் தோளில் சுமந்தார்கள். பயிற்சிக்கு மரத்தாலான குண்டுகளைச் சுட்டார்கள். குழலின் வாயில் ஒரு தனிக் கருவியைத் திருகினால், வெளியே வரும் மரக்குண்டை அது தூள்தூளாக்கிவிடும். இன்று கிடைக்கும் பல துப்பாக்கிகளின் வாயில் திருகுவரி வெட்டியிருப்பது அதற்காகத்தான். அதைப் பார்த்துவிட்டு யாரோ பிற்காலத்தில் கெடுத்த துப்பாக்கி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

எல்லாம் அமைதியான கதைதான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1939–40 குளிர்காலப் போரின்போது, அதாவது பின்லாந்தை சோவியத் படை தாக்கியபோது, இந்த ரைஃபிள்கள் பல்லாயிரக்கணக்கில் பின்லாந்துக்குப் போயின. சுவீடனிலிருந்து ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் போனார்கள். அதற்கும் முன்னால், 1931 மே 14 அன்று, ஓடாலன் பகுதியில் வேலைநிறுத்தத் தொழிலாளர்களின் ஊர்வலத்தின்மேல் சுவீடன் ராணுவமே சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி ஊர்வலத்தில்கூட இல்லாத இளம்பெண். துப்பாக்கியை அழகுப் பொருளாக மட்டும் பார்க்கிறவர்கள் இதையும் அறிந்து பார்க்க வேண்டும். ஆயுதத்தைச் சேகரிப்பவர் அதன் முழு வரலாற்றையும் சேர்த்துச் சேகரிக்கக் கடமைப்பட்டவர் என்பது என் கருத்து.

பழைய துப்பாக்கியைச் சுட நினைப்பவர்களுக்குச் சில உறுதியான எச்சரிக்கைகள் உண்டு. வெளிநாட்டில் வாழும் நம் வாசகர்கள் சிலர் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநர் ஒருவர், தோட்டா உட்காரும் இடத்தின் இடைவெளியைக் கேஜ் வைத்துச் சோதித்த பிறகே முதல் தோட்டாவைப் போட வேண்டும். கண்ணாடி அணியாமல் சுடக்கூடாது. இது 1898-க்கு முந்தைய மவுசர் அமைப்பு. உறை கிழிந்தால் முகத்துக்கு வரும் வாயுவைத் தடுக்கும் ஏற்பாடு பிந்தைய மாதிரியில் உள்ள அளவுக்கு இதில் இல்லை. பழைய ராணுவத் தோட்டா சில, சுட்ட பிறகு குழலுக்குள் உப்பை விட்டுவைக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். வெந்நீர் விட்டுத் துடைத்து உலர்த்தி, அப்புறம் எண்ணெய்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி பழம்பொருள். ஆகவே வளையத்தில் 1898 என்று இருந்தால் ஒரு சட்டம், 1899 என்று இருந்தால் இன்னொரு சட்டம்; ஒரே ஆலை, ஒரே எஃகு. பிறந்த மண்ணான சுவீடனில் இரண்டுக்குமே உரிமம் வேண்டும். நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டுமே விலக்குத் தருகிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருக்கிறது என்று தெரிந்தால், அதை எடுத்து விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லி, உரிமத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேகரிப்பாளர்களை இன்று வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ராணுவம் கழித்துக் கட்டியபோது இந்த ரைஃபிள்கள் மலிவாகக் கிடைத்தன. வாங்கியவர்களில் பலர் கட்டையை அறுத்து, குழலைக் குட்டையாக்கி, தொலைநோக்கி பொருத்தத் துளையிட்டு வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிவிட்டார்கள். இன்னும் சிலர் அழகுபடுத்துகிறேன் என்று உப்புத்தாள் போட்டுக் கட்டையை இழைத்தார்கள். நூற்றாண்டுக் கால முத்திரைகள் மரத்தூளோடு போய்விட்டன. பித்தளை வட்டைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. அளவுக்காகவே வாழ்ந்த ஒரு துப்பாக்கியிடமிருந்து அதன் அளவுக் குறிப்பைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் இரும்பும் மரமும்.

நம் வீடுகளிலும் இதே தவறு வேறு உருவில் நடக்கிறது. பழைய பித்தளைப் பாத்திரத்தில் இருந்த பெயர் வெட்டை பாலிஷ் போட்டு அழித்துவிடுகிறோம். பழைய தராசுப் படிக்கல்லில் இருந்த அரசு முத்திரையைச் சுரண்டிவிடுகிறோம். பழம்பொருளை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தூசி தட்டுங்கள், எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணும் முத்திரையும் இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள்.

அடுத்த இதழில் தமிழகப் பட்டறைகளின் பழைய அளவுகருவிகள் பற்றி எழுத இருக்கிறோம். அப்பாவோ தாத்தாவோ டூல் ரூமில் வேலை செய்து விட்டுப்போன ஸ்லிப் கேஜ் பெட்டி, வெர்னியர், மைக்ரோமீட்டர் எது உங்கள் வீட்டில் இருந்தாலும், துடைத்து மெருகேற்றாமல் இருக்கிறபடியே படம் எடுத்து அனுப்புங்கள். அது எந்தப் பட்டறையில், யார் கையில், என்ன வேலைக்கு இருந்தது என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்